சிவப்பு ஊஞ்சலோடு திரும்பிவிடாதீர்கள்: பேங்காக் வாட் சுதாட் அரசக் கோயிலின் கதை

தாய்லாந்து தலைநகருக்குப் போய் வந்த நம்மவர்களின் கைப்பேசியில் பெரும்பாலும் இந்தப் படம் இருக்கும். சாலை நடுவே, ஏழு மாடி உயரத்துக்கு நிற்கும் சிவப்பு மரத் தூண்கள். அவற்றை இணைத்து, உச்சியில் வேலைப்பாடு மிக்க ஒரு குறுக்குச் சட்டம். அதன் முன்னால் குடும்பமே நின்று சிரித்துக்கொண்டிருக்கும். சுற்றுலா வழிகாட்டி "இதுதான் ராட்சத ஊஞ்சல்" என்று சொல்லி, பத்து நிமிடம் தந்து, எல்லாரையும் மறுபடி பேருந்தில் ஏற்றிவிடுவார்.

மார்கழி பிறந்ததும் இதே படம் வாட்ஸ்அப்பில் வலம் வரும். கூடவே ஒரு செய்தியும் வரும். தாய்லாந்தில் திருவெம்பாவை பாடுகிறார்கள், அந்த ஊஞ்சலைக் கட்டியவர்கள் தமிழர்கள், பின்னால் இருக்கும் கோயிலும் ஒரு காலத்தில் சிவன் கோயில்தான் என்று அது போகும். இதில் முதலாவது உண்மை. மற்ற இரண்டும் உண்மை இல்லை. உண்மையாக இருக்கும் அந்த ஒன்றே நமக்குப் போதுமான பெருமை. அதோடு பொய்யைச் சேர்த்தால் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

படத்தில் ஊஞ்சலுக்குப் பின்னால், மங்கலாக, அடுக்கடுக்கான கூரையோடு ஒரு கட்டடம் தெரியும். அதுதான் வாட் சுதாட். தாய்லாந்தின் மிக உயர்ந்த நிலை அரசக் கோயில்களுள் ஒன்று. ஊஞ்சலைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதன் வாசலைக்கூட மிதிப்பதில்லை.

அரசக் கோயில் என்றால் என்ன?

சயாமியக் கோயில் நமக்குப் புதிதல்ல. பினாங்கு லோரோங் பர்மாவில் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்காத மலேசியத் தமிழர் குறைவு. கிளந்தான் தும்பாட் பக்கம் போனாலும் வழிநெடுக சயாமியக் கோயில்கள்தான். 'வாட்' என்ற சொல்லுக்குக் கோயில் என்று மட்டும் பொருள் சொன்னால் போதாது. வழிபடும் மண்டபங்களும் துறவிகள் தங்கும் குடிகளும் சேர்ந்த முழு வளாகத்துக்குத்தான் அந்தப் பெயர்.

தாய்லாந்தில் வாட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் அரசர் கட்டியவை, அரச குடும்பம் புரந்தவை, அரசர் தம் பொறுப்பில் ஏற்றவை மட்டுமே அரசக் கோயில்கள். 1915-இல், ஆறாம் ராமா மன்னர் காலத்தில், இவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்கள். முதல் வகுப்புக்குள்ளும் தரம் உண்டு. அதன் உச்சப் பட்டம் 'ராட்சவொர மஹாவிஹான்'. 'ராஜ', 'வர', 'மஹா', 'விஹார' என்று பிரித்துப் படித்தால் நமக்கே பொருள் புரிந்துவிடும். நாடு முழுவதிலும் ஆறு கோயில்களுக்குத்தான் இந்தப் பட்டம். வாட் போ, வாட் அருண், வாட் மஹாதாட், வாட் சுதாட் ஆகிய நான்கும் பேங்காக்கில் இருக்கின்றன. மற்ற இரண்டும் நக்கோன் பதோமிலும் சரபுரியிலும் இருக்கின்றன.

பச்சைக்கல் புத்தர் இருக்கும் வாட் பிரா கேவ் இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்கலாம். அது அரண்மனைக்குள்ளேயே இருக்கும் அரச வழிபாட்டிடம். அங்கே துறவிகள் தங்குவதில்லை. வாட் சுதாட்டில் இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். காலையும் மாலையும் பாலி மொழியில் ஓதுகிறார்கள். அந்த வகையில் இது உயிரோடு இருக்கும் கோயில்.

மூன்று மன்னர்கள், 40 ஆண்டுகள்

1767-இல் பர்மியப் படையெடுப்பில் அயுத்தயா நகரம் எரிந்து அழிந்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. 1782-இல் அரியணை ஏறிய முதலாம் ராமா, சாவ் பிராயா ஆற்றங்கரையில் பேங்காக்கைப் புதிய தலைநகராக்கினார். இழந்ததையெல்லாம் இங்கே திரும்பக் கட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். பாழடைந்து கிடந்த வடக்கு நகரங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தர் சிலைகளைப் படகுகளில் ஏற்றிப் பேங்காக்குக்குக் கொண்டுவரச் செய்தார். கூரையில்லாத மண்டபங்களில் மழையிலும் வெயிலிலும் கிடந்த சிலைகள் அவை.

அவற்றுள் மிகப் பெரியது சுக்கோத்தாய் நகரின் வாட் மஹாதாட்டில் இருந்த வெண்கலப் புத்தர். 14-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டது. மடி அகலம் மட்டும் ஆறு மீட்டருக்கு மேல், உயரம் சுமார் எட்டு மீட்டர். இதற்கென்றே நகரின் நடுவில் ஒரு பெரிய கோயில் எழுப்ப மன்னர் 1807-இல் ஆணையிட்டார். அயுத்தயாவின் வாட் பனன் சேங் கோயிலில் இருந்த பெரிய புத்தருக்கு ஈடாக, புதிய தலைநகரிலும் ஒரு பெரிய புத்தர் வேண்டும் என்பது நோக்கம்.

1808-இல் சிலை ஆற்று வழியாக வந்து சேர்ந்தது. கரையில் இறக்கிய பிறகுதான் சிக்கல். நகர மதிலின் வாசல் வழியே சிலை நுழையவில்லை. வாசலை இடித்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அப்போது மன்னருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, உடல்நலமும் இல்லை. ஆனாலும் சிலை ஊர்வலத்தில் வெறுங்காலோடு நடந்தார் என்று சொல்வார்கள். மறு ஆண்டு, 1809-இல், அவர் மறைந்தார். சிலை மட்டும் பீடத்தில் ஏறியிருந்தது. அதன்மேல் கூரை எழவில்லை.

விஹாரத்தைக் கட்டும் வேலை மகன் இரண்டாம் ராமாவின் கைக்கு வந்தது. அவர் கவிஞர், கலைஞர். பெரிய விஹாரத்தின் மரக் கதவுகளுக்கு அவரே உளி பிடித்தார் என்பது தாய்லாந்துக் கலை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் செய்தி. ஒரே பலகையில் அடுக்கு அடுக்காக ஆழமாகக் குடைந்து, கொடிகளுக்கு நடுவே பறவைகளும் விலங்குகளும் ஒளிந்திருப்பதுபோல் செதுக்கிய கதவு அது. பின்னாளில் தீயில் சேதமடைந்த கதவு இப்போது பேங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆட்சி செய்யும் மன்னர் தச்சர்களோடு உட்கார்ந்து மரம் செதுக்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கோயிலை முடித்தவர் மூன்றாம் ராமா. அவர் காலத்தில் சீனாவோடு வாணிபம் கொழித்தது. உபோசத் மண்டபம், துறவிகளின் குடிகள், கல் சிற்பங்கள் எல்லாம் அவர் காலத்தவை. 1847-இல் வேலை நிறைவுற்றது. 'சுதாட்' என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். அதுவரை மக்கள் பெரிய புத்தர் கோயில் என்றும் ஊஞ்சல் கோயில் என்றும்தான் அழைத்து வந்தார்கள்.

பெயரில் இருக்கிறது வரைபடம்

'சுதாட்' என்பது பாலி மொழியின் 'சுதஸ்ஸன', வடமொழியின் 'சுதர்சன'. நமக்குச் சுதர்சனம் என்றால் திருமாலின் சக்கரம்தான் நினைவுக்கு வரும். இங்கே பொருள் வேறு. காண்பதற்கு இனியது என்பதுதான் சொல்லின் பொருள். பௌத்த நூல்களில் அது மேரு மலையின் உச்சியில் இருக்கும் இந்திரனின் நகரம். அந்த நகரம் இருக்கும் உலகத்துக்குப் பெயர் தாவதிம்சம், அதாவது முப்பத்து மூவர் உலகம். முப்பத்து மூவர் அமரர் என்ற சொல் தமிழ்ப் பக்திப் பாடல்களிலும் உண்டு. கணக்கு ஒன்றுதான்.

இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் கட்டட அமைப்பு தானாக விளங்கும். நகரின் மையத்தில் ஒரு மேரு, அதன் உச்சியில் இந்திரனின் ஊர். அதைத்தான் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

ஊஞ்சல் பக்கமிருந்து, அதாவது வடக்கிலிருந்து, நுழையுங்கள். முதலில் வருவது பெரிய விஹாரம். நான்கு பக்கமும் ஒரு சுற்று மண்டபம் அதை வளைத்து நிற்கிறது. அதனுள் சுவரோரமாக வரிசை வரிசையாகப் பொன்னிறப் புத்தர்கள், மொத்தம் 156. நடுவில் இரண்டடுக்கு மேடை. கீழ் மேடையின் ஓரத்தில் சீனப் பாணியில் 28 கல் கோபுரங்கள். அந்த எண்ணிக்கை காரணமில்லாமல் வைத்ததல்ல. கௌதம புத்தரையும் அவருக்கு முன் தோன்றியவர்களையும் சேர்த்து 28 புத்தர்கள் என்பது தேரவாத மரபு. மேல் மேடையின் நான்கு மூலைகளில் நான்கு சிறு மண்டபங்கள். வெண்கலக் குதிரைகளும் காவலுக்கு நிற்கின்றன. மேடை ஏறி, படி ஏறி, மலை ஏறுவதுபோல் ஏறித்தான் விஹாரத்தை அடையவேண்டும்.

தலையை நிமிர்த்திக் கூரை முகப்பைப் பாருங்கள். மூன்று தலை யானைமேல் இந்திரன். யானைக்கு அவர்கள் சொல்லும் பெயர் எராவான், நம் ஐராவதம். முன் மண்டபத்தின் முகப்பில் கருடன்மேல் நாராயணர். புத்தர் கோயிலில் இந்திரனுக்கும் திருமாலுக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். பௌத்தம் அவர்களை விரட்டவில்லை. புத்தரின் அறத்தைக் காக்கும் தேவர்களாக வாசலில் நிறுத்தியது. இதைப் பார்த்துவிட்டு "பழைய இந்துக் கோயில்" என்று முடிவுகட்டுவதுதான் வாட்ஸ்அப் கதைகளின் தொடக்கம்.

உள்ளே சுக்கோத்தாயிலிருந்து வந்த அந்தப் பெரிய புத்தர். பெயர் பிரா சி சாக்கியமுனி. வெளி வெயிலிலிருந்து நுழையும்போது முதலில் இருட்டாகத் தெரியும். கண் பழகப் பழக, மேலே பொன் முகம் துலங்கும். சுவரெல்லாம் அந்த 28 புத்தர்களின் கதைகள். எட்டு பெரிய தூண்களிலும் அடி முதல் நுனி வரை ஓவியங்கள். மூவுலகம், கடல்கள், மலைகள், இமயக் காட்டின் விந்தை விலங்குகள். 1980களில் ஜெர்மானிய உதவியோடு இந்த ஓவியங்களைச் செப்பனிட்டார்கள்.

பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று சிலைக்குப் பின்னால் இருக்கிறது. பீடத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். பொன் பூசிய ஒரு புடைப்புக் கல், துவாரவதி காலத்தது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கோயிலைவிட, சிலையைவிட, பேங்காக்கைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. புத்தர் சிராவஸ்தியில் காட்டிய அற்புதமும், மறைந்த தம் தாய்க்கு அறம் உரைக்க அவர் தாவதிம்ச உலகத்துக்குப் போன காட்சியும் அதில் இருக்கின்றன. இந்திரன் நகரத்தின் பெயரைத் தாங்கிய கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கல் கிடைக்காது.

அதே பீடத்தில் எட்டாம் ராமா, ஆனந்த மஹிடோல் மன்னரின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. 1946 ஜூன் 9 அன்று, 20 வயதில், அரண்மனையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தவர். பின்னர் எழுபது ஆண்டுகள் ஆண்ட பூமிபோல் மன்னரின் அண்ணன். வளாகத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. தாய்லாந்து மக்கள் அங்கே குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நாமும் அப்படி இருப்பது நல்லது.

குறுக்கே கிடக்கும் நீண்ட மண்டபம்

விஹாரத்தைத் தாண்டித் தெற்கே வந்தால், கிழக்கு மேற்காகக் குறுக்கே நீண்டு கிடக்கிறது உபோசத். விஹாரத்துக்கும் உபோசத்துக்கும் என்ன வேறுபாடு என்று நம்மில் பலருக்குக் குழப்பம். விஹாரம் எல்லாரும் வணங்கும் இடம். உபோசத் துறவிகளின் சங்கத்துக்குரியது. தீட்சை கொடுப்பதும், மாதம் இருமுறை துறவு விதிகளை ஓதுவதும் அங்கேதான். அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் சீமைக் கற்கள் நட்டிருப்பார்கள். 'சீமை' என்றால் எல்லை, அதே பொருள்தான் அங்கும். எந்தத் தாய்லாந்துக் கோயிலுக்குப் போனாலும் இந்தக் கற்களைத் தேடுங்கள். கல் இருந்தால் அது உபோசத்.

வாட் சுதாட்டின் உபோசத் 72 மீட்டர் நீளம், 22 மீட்டருக்கு மேல் அகலம். தாய்லாந்தின் மிக நீளமான உபோசத் என்று இதைச் சொல்வார்கள். கிழக்கு முகப்பில் தேரேறிய சூரியன், மேற்கு முகப்பில் சந்திரன். மேருவை வலம் வரும் இரு சுடர்களும் இங்கே கூரையில் இருக்கிறார்கள். உள்ளே மூன்றாம் ராமா வார்த்த புத்தர். அவர் எதிரே, கைகூப்பி உட்கார்ந்து உபதேசம் கேட்கும் 80 சீடர்களின் உருவங்கள். நாம் உள்ளே நுழையும்போது அந்தச் சபையின் கடைசி வரிசையில் போய் உட்கார்வதுபோல் இருக்கும்.

சுவர் ஓவியங்களில் ஒன்று ஊரறிந்தது. எலும்பும் தோலுமாக, பனைமர உயரத்துக்கு ஒரு 'பிரெட்'. நம் 'பிரேதம்' என்ற சொல்தான், ஆனால் அங்கே பிணத்தைக் குறிப்பதில்லை. பாவம் செய்து, தீராப் பசியோடு அலையும் ஆவி. வாய் ஊசித் துளை அளவே இருப்பதால் சாப்பிட முடியாது. "வாட் சகேட் கழுகு, வாட் சுதாட் பிரெட்" என்று பேங்காக்கில் ஒரு பழைய சொலவடை உண்டு. கழுகு வந்தது 1820-இல் பரவிய காலரா காலத்தில். வாட் சகேட்டில் குவிந்த பிணங்களைக் கழுகுகள் கொத்தின. பிரெட் வந்ததற்குக் காரணம் இந்த ஓவியம் என்பார்கள். இரவு மூடுபனியில் ஊஞ்சல் தூண்களைப் பார்த்து ஆவியின் கால்கள் என்று பயந்தவர்களால் வந்தது என்று சிரிப்பவர்களும் உண்டு.

இன்னொரு புத்தரையும் விட்டுவிடக் கூடாது. துறவிகள் உபதேசம் செய்யும் மண்டபத்தில் இருக்கும் பிரா புத்த செட்டமுனி. 1839-இல் மூன்றாம் ராமா நாடு முழுவதும் அபினை ஒழிக்க இறங்கினார். பிடிபட்ட அபினை எரித்தார்கள். அபின் வைத்திருந்த பித்தளைச் செப்புகள் மலைபோல் மிஞ்சின. அவற்றை உருக்கி இந்தச் சிலையை வார்த்தார்கள். அபின் செப்புப் புத்தர் என்றே மக்கள் அழைக்கிறார்கள். போதையால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டவர்களுக்கு அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது வேறு விளக்கம் தேவைப்படாது.

வளாகத்தில் ஆங்காங்கே நிற்கும் கல் மனிதர்கள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். சீன வீரர்கள், தாடிக்காரப் பெரியவர்கள், தொப்பி போட்ட ஐரோப்பிய மாலுமிகள்கூட உண்டு. அரிசி ஏற்றிச் சீனாவுக்குப் போன மரக்கலங்கள் திரும்பி வரும்போது, கப்பல் ஆடாமல் இருக்க அடித்தட்டில் போட்டுவந்த பாரக் கற்கள் என்று சொல்வார்கள். புத்தர் ஞானம் பெற்ற பின் ஏழு வாரம் தங்கிய ஏழு இடங்களை நினைவூட்டும் மரங்களும் சிறு கட்டடங்களும் உபோசத்துக்கு அருகே இருக்கின்றன.

இனி ஊஞ்சலும் திருவெம்பாவையும்

ஊஞ்சலை எழுப்பியதும் முதலாம் ராமாதான், 1784-இல். அதாவது கோயிலுக்கு முன்பே ஊஞ்சல் வந்துவிட்டது. இப்போதுள்ள இடத்துக்கு 1920-இல் மாற்றினார்கள். தூண்கள் உளுத்துப்போக, பிரே மாநிலத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொண்டுவந்து புதிதாகச் செய்து, 2007-இல் பூமிபோல் மன்னர் முன்னிலையில் திறந்தார்கள். அடிமரம் முதல் உச்சி வரை 21 மீட்டர். ஆக, நாம் படம் எடுக்கும் மரம் புதியது, வடிவம்தான் பழையது.

இந்த ஊஞ்சல் பௌத்தச் சடங்குக்கு உரியதல்ல. சயாம் அரசவையின் பிராமணர்களுக்கு உரியது. அவர்களின் கோயில் சில நூறு அடி தூரத்தில், நகராட்சித் தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் தேவஸ்தான். நம் ஊர்க் கோயில் நிர்வாகங்களின் பெயரில் வரும் அதே சொல். இதுவும் 1784-இல் கட்டியது. மூன்று சிறிய, ஆடம்பரமில்லாத கட்டடங்கள். சிவனுக்கு ஒன்று, விநாயகருக்கு ஒன்று, நாராயணருக்கு ஒன்று.

ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பெரிய விழாவின் பெயர் திரியம்பவாய் திரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. சிவன் பத்து நாள் பூமிக்கு இறங்கி வருகிறார், அவர் திரும்பும் சமயத்தில் திருமால் ஐந்து நாள் வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊஞ்சல் விழா இதன் வெளிப்பகுதிதான். இளைஞர்கள் நால்வர் பலகையில் நின்று ஆட்டுவார்கள். உயர்ந்த மூங்கிலில் தொங்கும் காசுப் பையை ஒருவர் பல்லால் கவ்வவேண்டும். மூன்று சுற்று. முதல் பையில் 12 பாட், அடுத்து 10, அடுத்து 8. ஊஞ்சல் ஆடி முடியும்வரை சிவனின் இடத்தில் இருக்கும் பிரபு ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றியே இருக்கவேண்டும். மற்றக் கால் தரையில் பட்டால் அவர் உடைமைகளைப் பறிக்கலாம் என்று பழைய வழக்கம். 1932-இல் முழு மன்னராட்சி முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஊஞ்சல் ஆடுவது நின்றுபோனது.

நின்றது வெளி ஊஞ்சல் மட்டும். தேவஸ்தானுக்குள் இன்றும் ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் ஜனவரியில், இரவுப் பூசை நடக்கிறது. சிறு ஊஞ்சலில் சுவாமியை வைத்து ஆட்டுகிறார்கள். பாடுகிறார்கள். பாடுவது தமிழ்.

அவர்களுக்கு அதன் பொருள் தெரியாது. கிரந்தத்திலிருந்து பிறந்த ஓர் எழுத்தில் எழுதிய பழைய சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தவர்கள். ஒலி தேய்ந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. 1960களில் லண்டனில் தமிழ் கற்பித்த ஜான் மார் என்ற அறிஞர் அந்தச் சுவடிகளை ஆராய்ந்தார். திருவெம்பாவைப் பாடல்களையும், சம்பந்தரின் தேவாரத்து முதல் பதிகத்தையும் அடையாளம் கண்டார். திருவெம்பாவைப் பகுதிக்கு அங்கே 'லோரி பாவை' என்று பெயர். பாட்டுதோறும் கடைசியில் வரும் சொற்களின் தேய்ந்த ஒலி அது. நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சிங்காரவேலுவும் தாய்லாந்தின் தென்னிந்தியத் தொடர்புகளையும் அவர்களின் இராமாயண மரபையும் பற்றி விரிவாக எழுதியவர். மலேசியர் ஒருவர் இந்தத் துறையில் உழைத்தது நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

இந்தப் பாட்டு எப்படி அங்கே போனது? பேங்காக் பிராமணர்களின் மரபுப்படி அவர்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே வந்து, நக்கோன் சி தம்மராட், பத்தலுங் பகுதிகளில் தங்கி, பிறகு அரசவைக்குப் போனவர்கள். அந்த ஊர்கள் நம் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் வடக்கே, அதே தீபகற்பத்தில் இருப்பவை. அங்கிருந்து மேற்குக் கரைக்குப் போனால் தக்குவாபா. 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் அவனிநாரணம் என்ற குளத்தையும் அது பேசுகிறது. சயாம் என்றதும் மரண ரயில் பாதையில் மாண்ட தோட்டப்புறத் தமிழர்கள்தான் நம் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவார்கள். அந்தத் துயரத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்பே அதே மண்ணில் தமிழர் குளம் வெட்டி வாணிபம் செய்திருக்கிறார்கள்.

அதற்காக ஊஞ்சலும் வாட் சுதாட்டும் தமிழர் கட்டியவை ஆகிவிடாது. கட்டியவர்கள் சக்ரி வம்ச மன்னர்கள். கோயில் தேரவாத பௌத்தக் கோயில். நம் பங்கு ஒரு பாட்டு. பொருள் தெரியாத மனிதர்கள், பிழையாகவேனும் விடாமல், தலைமுறைகளாகக் காத்துவைத்த பாட்டு. பொருள் தெரிந்த நம் வீடுகளில் மார்கழி விடியலில் அதைப் பாடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வி அந்த ஊஞ்சலடியில் நிற்கும்போது எழத்தான் செய்யும்.

போகிறவர்களுக்கு

பேங்காக் போகும் நம்மவர்கள் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவார்கள். அங்கிருந்து இது அதிகத் தூரமில்லை. எம்ஆர்டி ரயிலில் சாம் யோட் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். வழியில் பம்ருங் முவாங் சாலையின் இரு பக்கமும் புத்தர் சிலை விற்கும் கடைகள். ஆளுயரப் பொன் புத்தர்கள் கண்ணாடித் தாளில் சுற்றப்பட்டு நடைபாதையில் நிற்பார்கள்.

தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். மண்டபத்துக்குள் காலை நீட்டிப் பாதம் புத்தரைப் பார்க்கும்படி உட்காரக் கூடாது, மடக்கி உட்காருங்கள். பெண்கள் துறவிகளைத் தொடுவதோ, கையில் நேராகப் பொருள் கொடுப்பதோ கூடாது. காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது, விஹாரத்தின் வாசல் வழியே வரும் வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். விஹாரம், சிலைக்குப் பின்னால் உள்ள கல், சுற்று மண்டபம், உபோசத், அபின் செப்புப் புத்தர் என்ற வரிசையில் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஊஞ்சலைக் கடந்து தேவஸ்தானுக்கு நடங்கள். நடுவில் இருப்பது விநாயகர் சன்னதி. ஜனவரியில் போகிறவர்கள் திரியம்பவாய் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், பூசை இரவில்தான்.